விதைமல்லியில் கந்தக வாடை

அன்று காலை வீட்டில் இருந்தவர்கள் இவர்கள். நான். கட்டிலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். வாசல்படியில் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை. அவளுக்குப் பின்னால் தோளில் ஒரு சாக்கோடு அவள் புருஷன். கறிவேப்பிலை பறிக்க வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா. அப்புறம் ஒரு கோழி. சாக்கைக் கீழே இறக்கியதும் முதலில் பக்கத்தில் வந்தது கோழிதான்.

நாத்தனார் எங்கள் வாசலை மிதித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வாங்க" என்றேன்.

"வந்துட்டோம் மதினி" என்றாள்.

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டுத்தான் வந்தோம்."

காலை எட்டு மணிக்குச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி ஏழாயிரம்பண்ணைக்கு வந்தவள், சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்கிறாள். உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அதற்கு அர்த்தம். நான் தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "என்ன தாயி, வழியெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

"வழி தெரியும்ணே. கூப்பிடத்தான் ஆளில்ல."

போன வருஷம் அவள் மகளுக்கு இருக்கன்குடியில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்போது தீபாவளிச் சீசன். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் விடியற்காலையிலேயே சீர்ச்சாமான்களைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். இவர் பன்னிரண்டரைக்கு வந்தார். பிள்ளை யாரோ ஒரு பெரியப்பா முறை மடியில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டது. காதில் கம்மல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

ஒரு வருஷம் கழித்து, கூப்பிடாமல், ஒரு மூட்டையோடு வந்து நின்றால் எனக்கு நல்லதாகத் தோன்றாது.

"என்ன மூட்டை அண்ணே?" என்று அவள் புருஷனிடம் கேட்டேன்.

"வெதமல்லி தங்கச்சி. ஒங்களுக்கு இந்த வருசம் வெத இல்லையாமே."

"யாரு சொன்னா?"

"மல்லிக்கடைக்கு வராத சேதி உண்டா?"

அவர் விருதுநகரில் ஒரு மல்லிக்கடையில் மூட்டை தூக்குகிறவர். கடை என்றால் பொட்டலம் கட்டும் கடை இல்லை. கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் லாரி லாரியாக வந்து இறங்கும் கிட்டங்கி. ஊர் ஊராகச் சரக்கு வருகிற இடத்தில் சேதியும் வரும். அது சரி. ஆனால் எங்கள் பானை காலி என்பது அங்கே எப்படிப் போனது என்று நான் யோசித்தேன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஆணியைப் பார்த்தார்.

விதை இல்லாதது உண்மை. போன வருஷம் பூ எடுக்கிற நேரத்தில் மழை நின்றுவிட்டது. செடி நின்ற இடத்திலேயே கருகியது. கிடைத்த கொஞ்சத்தையும் வறுத்து அரைத்துச் சாப்பிட்டுவிட்டோம்.

அவள் புருஷன் சாக்கின் வாயை அவிழ்த்து மல்லியை எங்கள் அண்டாவில் கொட்டினார். சாக்கை மடித்துப் பரணில் போட்டார். கேட்காமலேயே போட்டார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு கை அள்ளினேன். நல்ல நிறம். எல்லாம் ஒரே அளவு. தூசி இல்லை, குச்சி இல்லை, கல் இல்லை. களத்தில் அடித்துத் தூற்றிய மல்லி இப்படி இருக்காது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனேன். முதலில் மல்லி மணந்தது. அடுத்து கந்தகம் மணந்தது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

கந்தக வாடை எனக்குத் தெரியாமல் போகாது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தித் தீப்பெட்டிக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு பட்டாசு. சரம் பின்னுகிற வேலை. கம்பெனி வாசலில் தினமும் சோதனை போடுவார்கள். கொண்டை ஊசி கூடாது. போன் கூடாது. பட்டுச்சேலை, நைலக்ஸ் சேலை கூடாது. கொலுசு கூடாது. உள்ளே போன பிறகு நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி சோதனை. எது சூடாக இருக்கிறது, எது ஈரமாக இருக்கிறது, எந்த வாடை புதிது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்பினால் செத்துப்போவோம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் என்ன செய்ய.

மல்லிக்கு நல்ல நிறம் வரக் கந்தகப் புகை காட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்ததில்லை. புகை காட்டிய மல்லி குழம்புக்கு ஆகும், விதைக்கு ஆகாது, உள்ளே உயிர் செத்துவிடும் என்று களத்தில் பேசிக்கொள்வார்கள். அதுவும் கேள்விதான்.

ஆனால் வந்தவர் மல்லிக்கடையில் மூட்டை தூக்குகிறவர். மல்லி ஒரே நிறம். வாடை கந்தகம். கொண்டுவந்தவள் ஒரு வருஷமாகப் பேசாதவள். நான்கையும் கூட்டிப் பார்த்தேன். விதைத்து ஒன்றும் முளைக்காமல் எங்கள் நிலம் சும்மா கிடந்தால் ஊரே பார்க்கும். காதுகுத்தில் மாமன் மடி இல்லாமல் போனதற்குப் பழி என்று நினைத்துக் கொடுத்திருப்பாளோ என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீரோடு ஒரு மரக்கால் விதைமல்லியும் கொடுத்தனுப்புவோம். ஒரு வீட்டில் மழை பொய்த்தால் இன்னொரு வீட்டில் விதை இருக்கும். நாத்தனாரும் கொண்டுபோனாள், பதினான்கு வருஷத்துக்கு முன்னால். அளந்து மடியில் போட்டது நான்தான். அது கொஞ்சம் கறுத்த மல்லி, பெரிசும் சிறிசுமாக இருக்கும். அண்டாவில் கிடந்தது அதற்குப் பிறந்தது மாதிரி இல்லை.

அவர்கள் அரை மணி நேரம் இருந்தார்கள். போகும்போது நாத்தனார் வாசலில் நின்று, "நல்லா வரும் மதினி. தைரியமா வெதைங்க" என்றாள்.

தைரியமா என்று ஏன் சொல்ல வேண்டும்? விதைக்கத் தைரியம் எதற்கு?

நர்ஸ் அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கறிவேப்பிலையோடு போனாள். "தங்கமான மனுசங்க. கர்த்தர் கொண்டுவந்து விட்டிருக்கார்" என்றாள்.

எனக்கு மல்லி விஷயத்தில் சந்தேகம் புதிது இல்லை. பாக்கெட்டில் வரும் மல்லித்தூளை நான் வாங்க மாட்டேன். அதில் மரத்தூள் இருக்கும், வேறு என்னவோ இருக்கும் என்பார்கள். உண்மையோ பொய்யோ, தூளான பிறகு எதுவும் முகம் காட்டாது. முழு மல்லி வாங்கி, வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து மில்லுக்கு எடுத்துப்போவேன். மில்காரர் முதல் கை மாவை வேறு டப்பாவில் தள்ளுகிறாரா, முந்தின ஆளின் வத்தல் பொடி என்னுடையதில் கலக்கிறதா என்று பக்கத்திலேயே நிற்பேன். "ஒன்ன மாதிரி நாலு பேரு வந்தா நான் மில்ல மூடிருவேன்" என்பார் அவர். அப்படியும் நிற்பேன்.

அப்படி நின்று அரைத்த மல்லிதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும். குழம்பு கெட்டியாக மல்லி. ரசத்துக்கு நசுக்கிய மல்லி. பச்சைத்தழை கிடைக்காத கோடையில் மல்லியை வறுத்து வத்தலும் புளியும் வைத்து ஒரு துவையல். சளி பிடித்தால் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தட்டிப்போட்டுக் காபி. கண் சிவந்தால் மல்லி ஊறின தண்ணீரை வடிகட்டி ஒத்தடம். சூடு பிடித்துக்கொண்டால், கம்பெனியில் எல்லோருக்கும் பிடிக்கும், முந்தின நாள் மல்லியை ஊறப்போட்டுக் காலையில் அந்தத் தண்ணீரைக் குடிப்போம். பித்தத்துக்கு ஆகும் என்பார்கள். எனக்கு ஆனதும் உண்டு, ஆகாததும் உண்டு. விதைத்த ஒரு மாதத்தில் நெருக்கமான இடத்தில் செடியைக் களைந்து கட்டுக்கட்டாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்போம். ஒரு வாரத்துக்குத் தெருவே மணக்கும். அந்த மணத்தை மட்டும் நான் சந்தேகப்பட்டதில்லை.

அவர்கள் போனதும் நான் சாணித்தரையில் உட்கார்ந்தேன். அண்டாவின் மேலே இருந்து முப்பது, நடுவில் இருந்து நாற்பது, அடியில் இருந்து முப்பது. நூறு மல்லி எடுத்தேன். மல்லியை முழுசாக விதைக்கக் கூடாது. தரையில் பரப்பிப் பலகையால் லேசாகத் தேய்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும். ஒவ்வொரு பாதியும் ஒரு விதை. அழுத்தித் தேய்த்தால் நொறுங்கிவிடும். நூறையும் தேய்த்தேன். இருநூறு பாதி. ஈரச் சணல்சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டினேன். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நிழலில் வைத்தேன். மல்லி சீக்கிரம் முளைக்காது. பத்து நாளாவது ஆகும். இருநூறில் நூற்றிருபதுக்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். அதற்குக் கீழே என்றால் கோழிக்குத்தான். எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு.

சிக்கல் என்னவென்றால் நிலத்துக்குப் பத்து நாள் பொறுமை கிடையாது. எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரிசல். கிணறு இல்லை. ஐப்பசியில் நல்ல மழை பெய்திருந்தது. கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் மேல்மண் காய்ந்துவிட்டால் விதை உள்ளே கிடந்தே போகும். தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்தது. பூஜை போட்டுத் திறக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் விதைத்தாக வேண்டும். இந்த ஈரத்தை விட்டால் வருஷத்துக்கும் நிலம் சும்மா. தப்பான விதையைப் போட்டாலும் சும்மா. வேறு விதை வாங்கவும் வழி இல்லை.

மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்காரர், "டிராக்டர்காரன்ட்ட சொல்லட்டுமா?" என்றார்.

"இன்னிக்குச் செவ்வாக்கெழம."

"சரி. நாளைக்கு?"

"நாளைக்கு அஷ்டமி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் காலண்டரைக் கிழிக்கக்கூட மறக்கிறவள். "என்னிக்கிருந்து நீ அஷ்டமி பாக்குற?" என்றார்.

"இன்னிக்கிருந்து."

நான்காம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் விதைத்தார். ஐந்தாம் நாள் இன்னும் மூன்று பேர். என் வீட்டுக்காரர் தினமும் நிலத்துக்குப் போய் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார். விரலில் மண்ணை ஒட்டவைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிற்பார்.

அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. விதை இல்லை என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பியது இவராகத்தான் இருக்க வேண்டும். சொன்னது தப்பில்லை. என்னிடம் மறைத்ததுதான் தப்பு. அதை மறைத்தவர் வேறு எதை மறைப்பாரோ.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் டிரம்முக்குப் பின்னால் அந்தச் சுருளைப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"மல்லி."

"எதுக்கு?"

"ஊறவச்சிருக்கேன். தண்ணி குடிக்க."

"சாக்குலயா ஊறப்போடுவ?"

"தைராய்டுக்கு. அப்படித்தான் ஊறப்போடணுமாம்."

எனக்குக் கழுத்தில் வீக்கம் உண்டு. இரண்டு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன். மல்லித் தண்ணீர் குடித்தால் தைராய்டு போய்விடும் என்று வேனில் கூட வரும் பெண்கள் சொல்வார்கள். அந்தப் பொய் வாயில் சுலபமாக வந்தது. அவர் வெளியே போனார். கால் மணி நேரத்தில் நர்ஸ் அக்கா வந்து நின்றாள், இடுப்பில் கை வைத்து.

"ஏட்டி, மாத்திரைய நிறுத்திட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"ஒன் வீட்டுக்காரர். மல்லித் தண்ணி குடிச்சே சரியாப் போயிருவேன்னு ஒக்காந்திருக்கியாம். கொழம்புக்குப் போடுறத எல்லாம் மருந்துன்னு குடிச்சிக்கிட்டு இருந்தா நாங்க எதுக்கு ஆஸ்பத்திரியில வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு நிக்கிறோம்? மல்லித் தண்ணி குடி, வேண்டாங்கல. சூட்டுக்கு நல்லது. மாத்திரைய விட்டே, நான் சும்மா இருக்க மாட்டேன்."

மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். அன்றைக்கு வரை சாப்பிட்டிருந்தேன். அவள் எண்ணிப் பார்த்தாள். அவளும் என்னைப் போலத்தான், சொன்னால் நம்ப மாட்டாள். அப்புறம் குரல் இறங்கி, "பெறகு எதுக்குடி சாக்குல மல்லி?" என்றாள்.

சொன்னேன். கந்தக வாடையைச் சொன்னேன். மல்லிக்கடையைச் சொன்னேன். காதுகுத்தைச் சொன்னேன்.

அவள் அண்டாவில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள். "எனக்கு மல்லிதான் மணக்குது" என்றாள்.

"ஒங்களுக்கு டெட்டால் மணந்து மணந்து மூக்கு செத்துப்போச்சு."

"ஒனக்கு மட்டும் உயிரோட இருக்கோ? கந்தகத்துலயே குடியிருக்கிறவ. ஒன் கைதான் மணக்குதோ என்னவோ, பாரு."

என் கையை முகர்ந்தேன். கம்பெனி மூடிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. கையில் சாம்பார்வெங்காயம்தான் மணந்தது.

ஆறாம் நாள் நானே முடிவு செய்தேன். பத்து நாள் எதற்கு, சாக்கை முகர்ந்தால் தெரிந்துவிடுகிறது. மல்லிக்கடைச் சாக்காக இருந்தால் அதில் கடையின் முத்திரை இருக்கும், மை அடித்திருப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். இவர் நிலத்துக்குப் போன நேரம் ஸ்டூலைப் போட்டுப் பரணில் ஏறினேன்.

சாக்கை விரித்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு. முத்திரை இல்லை. உள்ளே தலையை விட்டேன். கந்தகம் மூக்கில் ஏறியது. மல்லியில் இருந்ததைவிடப் பத்து மடங்கு. வெளியே எடுத்து அடி மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு கிழிசல். அது தைக்கப்பட்டிருந்தது. முறுக்கின பச்சை நூல். சரம் பின்னுகிற நூல். தையல் சாய்வாக, இரண்டு இரண்டாக விழுந்திருந்தது.

அப்படித் தைக்கிறவள் நான்.

ஸ்டூலில் இருந்து இறங்கிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன வருஷம் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைப் பக்கம் கிடந்த சாக்கு. கந்தகம் வந்த சாக்கு. அதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கனமான சாக்காக இருக்கிறதே என்று சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தேன். அன்றைக்குச் சோதனையில் யாரும் பார்க்கவில்லை. கண்மாயில் இரண்டு தரம் அலசினேன். கிழிசலைத் தைத்தேன். அதில்தான் காதுகுத்துச் சீரைக் கட்டிக்கொண்டு இருக்கன்குடிக்குப் போனேன். சாமான்களைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, சாக்கை நாத்தனாரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

ஆனாலும் மனசு முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. சாக்கு என்னுடையது, சரி. மல்லி யாருடையது? என் சாக்கு என்பதற்காக உள்ளே இருப்பது நல்ல விதை ஆகிவிடுமா? என் சாக்கிலேயே கட்டிக் கொடுத்தால் யாரும் கேட்க முடியாது என்று யோசித்திருக்கலாம். இல்லை, விதை நன்றாகவே இருந்து என் சாக்கே அதைக் கெடுத்திருக்கலாம். அது இன்னும் மோசம். சாக்கைப் பரணில் திரும்பப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சுருளில் தண்ணீர் தெளித்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் மேல்மண் வெளுத்தது. ஒன்பதாம் நாள் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. "நாளைக்கு நான் வெதைக்கப்போறேன். நீ அஷ்டமி பாரு, அமாவாச பாரு" என்றார் என் வீட்டுக்காரர். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் காலையில் நாத்தனார் வந்தாள். தனியாக.

"பஸ்ல வரும்போது பாத்தேன்" என்றாள், உட்காராமலே. "ஊரே வெதச்சிருக்கு. எங்கண்ணன் நெலம் மட்டும் சும்மா கெடக்கு. என்ன சங்கதி மதினி?"

"அவகிட்டயே கேளு" என்றார் அவள் அண்ணன்.

நான் டிரம்முக்குப் பின்னால் போய்ச் சுருளை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"என்னது?"

"ஒன் மல்லி. இருநூறு பாதி. இன்னிக்குப் பத்தாம் நாளு."

அவள் முகம் மாறியது. "நான் கொண்டாந்ததச் சோதிச்சீகளா?" என்றாள்.

"ஆமா."

"என்னன்னு நெனச்சு?"

"கந்தகம் மணந்துச்சு. மல்லி ஒரே அளவா இருந்துச்சு. களத்து மல்லி மாதிரி தெரியல."

"எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம கடைல கெஞ்சிக் கேட்டு மிசின் சல்லடைல ஓட்டுனாரு மதினி. பொடிசும் கறுத்ததும் எல்லாம் கழிஞ்சிருச்சு. பொறந்த வீட்டுக்குக் குடுக்குறது குப்பையா இருக்கக் கூடாதேன்னு. அது குத்தமாப் போச்சு." குரல் நடுங்கவில்லை. கோபம்தான். "நீங்க என் மடில போட்டு விட்டீகளே ஒரு மரக்கால், அதோட வம்சம் இது. பாதிய இங்கன கொண்டாந்துட்டு பாதிய வச்சுத்தான் நாங்க வெதச்சிருக்கோம். எங்க நெலத்துல பாதி சும்மாத்தான் கெடக்கு."

அது எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் வாய் சும்மா இல்லை. "மொளச்சா பாப்போம்" என்றது.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "நானும் போட்டுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். போன மாசம். சாக்குல கட்டுறதுக்கு முன்னாடி, பானைல இருந்து எடுத்து, நூறத் தேச்சு, இருநூறு. பெறகு மொளைக்கலேன்னு ஒங்க வாயில விழவா?"

"எம்புட்டு வந்துச்சு?"

"சொல்ல மாட்டேன். நீங்க மொதல்ல எண்ணுங்க. நான் சொன்னா நீங்க ஒரு பத்தக் கொறச்சுச் சொல்லுவீக."

"நீ பின்னால சொன்னா பத்தக் கூட்டிச் சொல்லுவ."

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்திருக்கணும்" என்றார்.

சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா வந்தாள். அவள்தான் வழி சொன்னாள். நாத்தனார் காலண்டர்த் தாளின் பின்பக்கம் தன் எண்ணை எழுதினாள். நான்காக மடித்து நர்ஸ் அக்கா கையில் கொடுத்தாள். நர்ஸ் அக்கா அதை வேதப்புத்தகத்தில் வைக்கிற மாதிரி இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சுருளைப் பிரிக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் எண்ணினால் எண்ணிக்கை சரியாக வராது என்று தோன்றியது. பரணில் இருந்து சாக்கை எடுத்துவரச் சொன்னேன். இவர் எடுத்துவந்தார். தையலைக் காட்டினேன்.

"சாக்கு என்னோடது. கந்தகச் சாக்கு. கம்பெனில இருந்து நான் கொண்டாந்தது."

"தெரியும் மதினி."

"தெரியுமா?"

"சீரு கட்டி வந்த சாக்கு. ஒங்க தையலு. சீரு வந்தத வெறுஞ்சாக்கா எப்படித் திருப்புறது? அதான் வெதையப் போட்டுக் கொண்டாந்தேன். ஒரு மாசமா அதுலதான் கட்டிக் கெடந்துச்சு. கந்தகம்னு எனக்கெப்படித் தெரியும்? ஒங்க கம்பெனி வாடைன்னு நெனச்சேன். ஒங்க மேலயும் அண்ணன் மேலயும் எப்பவும் அடிக்கிறதுதான."

சீர் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு பிடி அரிசியாவது, இரண்டு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கொடுக்க வேண்டியது கொடுத்தாயிற்று, இனி வழி வேறு என்றும் சிலர் அப்படித் திருப்புவது உண்டு. இவள் எதற்காகத் திருப்பினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சுருளைப் பிரித்தேன்.

மண்வாடையோடு மல்லி மணம் வந்தது. கந்தகம் இல்லை. வெள்ளை வெள்ளையாக வால் விட்டிருந்தது. வால் விடாததும் கிடந்தது. கண்ணால் பார்த்தால் எவ்வளவு என்று தெரியாது. புடைக்கிற சுளகை எடுத்துவந்தேன். முளைத்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துப் பத்துப் பத்தாக வரிசை வைத்தேன். நாத்தனார் எதிரே குந்தி என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மொளச்சதுதான். எடுங்க."

"வாலு எங்க இருக்கு?"

"இந்தா, ஊசி முனையா இருக்குல்ல. கண்ணாடி போடுங்க மதினி."

அதை எடுத்து வரிசையில் வைத்தேன். இன்னொன்றை அவள் எடுத்தாள். அது முளை இல்லை, சாக்கு நார். நான் காட்டினேன். அவளே தள்ளி வைத்தாள். கோழி வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினோம்.

"நூத்தியிருவதத் தாண்டுமா, தாண்டாதா?" என்றார் என் வீட்டுக்காரர். டிராக்டர்காரர் போனில் காத்திருந்தார்.

பதினொன்றாம் வரிசை முடிந்தது. பன்னிரண்டு முடிந்தது. நாத்தனார் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. என் மூச்சாகவும் இருக்கலாம். இவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "வாடே, வண்டிய எடு" என்றார். எனக்குக் கை நிற்கவில்லை. பதிமூன்று. பதினான்கு. பதினைந்து. கடைசியில் ஒரு உதிரி.

நான் ஒரு தரம் எண்ணினேன். அவள் ஒரு தரம் எண்ணினாள். திரும்ப நான் ஒரு தரம். மாறவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

நர்ஸ் அக்கா தாளைப் பிரித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். "நூத்தி அறுவத்தி மூணு."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் சாக்கைப் பார்த்தேன். அப்புறம் சுளகில் இருந்ததைச் சொன்னேன்.

நூற்று ஐம்பத்தொன்று.